மூடு என்றால் மூட வேண்டும்

அல்லிநகரத்தில் நான் கதைகளைத் தட்டச்சுச் செய்யப் போகும் கம்ப்யூட்டர் சென்டரில் சென்ற மாதம் எனக்கு ஒரு தலைகுனிவு நேர்ந்தது. வேலை முடிந்ததும், கைப்பேசியோடு இணைத்துத் திறந்து வைத்திருந்த செய்திப் பெட்டியின் பெருக்கல் குறியை அழுத்தினேன். ஜன்னல் மறைந்தது. காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை கடைக்குள் நுழைகிறேன், கடைத் தம்பி நாலு பேர் நடுவே, “அண்ணே, நகையைத் திருப்பியாச்சான்னு அக்கா மெசேஜ் போட்டிருந்துச்சு, பாத்தீகளா?” என்றான்.

எங்கள் வீட்டு நகை அடகில் இருப்பது அதுவரை எனக்கும் என் மனைவிக்கும் அடகுக் கடைக்காரருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

தம்பி மேல் குற்றமில்லை. நான் மூடியதாக நினைத்த நிரல் மூடவே இல்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் கடுகளவு படமாக ஒளிந்துகொண்டு, எனக்கு வந்ததையெல்லாம் எதிரே உட்கார்ந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

இதற்குப் பெயர் வசதியாம்! பொறியாளர் நண்பர் ஒருவர் வாதிக்கிறார்: “முழுக்க மூடிவிட்டால் செய்தி வராதே, ஸார்? மறுபடி திறக்க நேரமாகுமே?” ஆகட்டுமே. எனக்குச் செய்தி வேண்டுமென்றால் நான் சுருக்கி வைத்திருப்பேன். அதற்கென்று பக்கத்திலேயே ஒரு கோடு போட்ட பொத்தான் இருக்கிறது. 1985-ல் வந்த முதல் விண்டோஸிலேயே, சுருக்கிய ஜன்னல் திரையின் அடியில் படமாகப் போய் உட்கார்ந்தது. 1995-ல் கீழ்ப்பட்டை வந்தது. பெருக்கல் குறியும் அப்போதுதான் வந்தது. கோடு என்றால் ஒதுங்கி இரு. பெருக்கல் என்றால் போய் வா. இரண்டு பொத்தானுக்கும் ஒரே அர்த்தம் என்றால் இரண்டு எதற்கு?

கடிகாரத்துப் பக்கத்து மூலைக்கு அதிகாரபூர்வமான பெயரே அறிவிப்புப் பகுதி என்பதுதான். அதைச் சத்திரமாக்கிவிட்டார்கள். கூட்டம் தாங்காமல் 2009-ல் விண்டோஸ் 7 புதிதாக வருபவர்களை ஓர் அம்புக்குறிக்குப் பின்னால் தள்ளியது. விளைவு, ஒளிந்தவர்கள் இன்னும் நன்றாக ஒளிந்துகொண்டார்கள்.

மாக் கணினியில் ஜன்னலை மூடினாலும் நிரல் ஓடுமே என்பார்கள். ஓடும். ஆனால் அது அந்த ஊர் வழக்கம், எல்லோருக்கும் தெரியும், படத்தின் கீழ் ஒரு புள்ளி வைத்தும் காட்டுகிறார்கள். இங்கே ஒரு நிரல் போகிறது, இன்னொன்று பதுங்குகிறது. எது எதைச் செய்யும் என்று ஜோஸியமா பார்ப்பது?

மூலையில் இருக்கத் தகுதியுள்ளவையும் உண்டு. நான் தமிழில் எழுத உதவும் என்.எச்.எம். ரைட்டர் அங்கேதான் குடியிருக்கிறது. ஜன்னலே தேவையில்லாத வேலை அதனுடையது. ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைத் தட்டினால் தமிழ், மறுபடி ஆங்கிலம். அதன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

சுருக்கிய நிரல் பாடிக்கொண்டிருந்தால் பாடட்டும். கோப்பை இறக்கிக்கொண்டிருந்தால் இறக்கட்டும். யாரும் பார்க்காத படத்தை வரைந்து மின்சாரத்தைத் தின்ன வேண்டாம். உலாவிகளுக்கு இந்தப் புத்தி வந்துவிட்டது. 2021-ல் வந்த குரோமின் 88-ஆம் பதிப்பு, ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓசையின்றி மறைந்திருக்கும் பக்கத்தின் கடிகாரத்தைப் பெரும்பாலும் நிமிஷத்துக்கு ஒரு தரம்தான் எழுப்புகிறது. கேள்வி இருந்தால் கீழ்ப்பட்டையில் மினுக்கிக் காட்டட்டும். நான் ஒரு மரணக் காட்சியை எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பாய்ந்து, “புதிய பதிப்பு வேண்டுமா?” என்று கேட்க அதற்கு என்ன உரிமை?

இப்போதெல்லாம் எழுந்திருக்கும் முன் அம்புக்குறியை அழுத்தி, ஒவ்வொரு படத்தையும் வலப் பொத்தானால் தட்டி வெளியேற்றுகிறேன். பிறகு கைப்பேசியிலும் இணைப்பைத் துண்டிக்கிறேன்.

“அண்ணே, அதுக்கும் அஞ்சு நிமிசம் சேத்துக்கிறேன்” என்கிறான் தம்பி.