கிழவியிலிருந்து சிறுமி வரை

மெரிடித் மாங்க் பாடியதை யாருக்காவது போட்டுக் காட்டினால், "இது எந்த ஊர் பாஷை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த ஊர் பாஷையும் இல்லை. 1960களின் நடுவிலிருந்து இந்த நியூயார்க் பெண்மணி பெரும்பாலும் சொல்லே இல்லாமல் பாடிவருகிறார். விம்மல், கொக்கரிப்பு, மூக்கொலி, தாலாட்டின் முனகல், அடித்தொண்டை உறுமல் எல்லாம்தான் அவருடைய சாகித்யம்.

விமர்சகர்கள் அவரைக் 'குரல் உத்திகளின் முன்னோடி' என்பார்கள். அந்தப் பட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. தொண்டையில் வித்தை காட்டுகிறவர் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. அவர் பாட்டில் எனக்குக் கேட்பது மனிதர்களின் குரல். வயதான மனுஷி, பயந்த குழந்தை, எதையோ பறிகொடுத்தவள் என்று ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள்.

1973இல் அரங்கேறிய 'எஜுகேஷன் ஆஃப் த கேர்ல்சைல்ட்' படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிற்பாதி முழுக்க அவர் ஒருவரே. முப்பது வயதுப் பெண் வெள்ளை விக் வைத்துக் கிழவியாக உட்கார்ந்திருக்கிறார். எழுந்து, விரித்த வெள்ளைத் துணிப் பாதையில் மெல்ல நடந்து வருகிறார். வர வர வயது இறங்குகிறது. கிழவி நடுவயதுக்காரி ஆகிறாள், நடுவயதுக்காரி சிறுமி ஆகிறாள். முதுகு நிமிர்கிறபோதே குரலும் மாறுகிறது. அதிலுள்ள 'த டேல்' பாட்டில், அபூர்வமாகச் சில சொற்கள் உண்டு. தன்னிடம் இன்னும் என்னென்ன மிச்சம் என்று கிழவி கணக்குப் பார்க்கிறாள், நடுநடுவே சிரிக்கிறாள். அது சந்தோஷமா மிரட்டலா என்று எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் பிடிபடவில்லை. 'பயாகிராஃபி' என்ற பாட்டிலோ அழுகையே ராகமாகிறது. நம் ஊர் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவருக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது.

இந்த உடம்புப் பாட்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. தாத்தா ரஷ்யாவிலிருந்து வந்த பாடகர். அம்மா வானொலியில் விளம்பரப் பாட்டு பாடியவர். குழந்தை மெரிடித்துக்கு இரண்டு கண்களும் ஒருசேரப் பார்க்காத குறை. உடல் ஒத்திசைவு வர வேண்டும் என்று, அசைவின் வழியாக இசை கற்பிக்கும் டால்க்ரோஸ் வகுப்பில் சேர்த்தார்கள். பாடுவதும் அசைவதும் அவருக்கு அப்போதே ஒன்றாகிவிட்டன. பிற்பாடு பியானோ முன் குரல் சாதகம் செய்துகொண்டிருந்த ஒரு நாள், குரலையும் முதுகெலும்பு மாதிரி வளைக்கலாம், அதற்குள் ஆணும் பெண்ணும் எல்லா வயதும் இருக்கிறது என்று பிடிபட்டதாம். அன்றிலிருந்து இன்றுவரை அதே வேலைதான்.

தனியாக உட்கார்ந்து மனோதர்மமாகப் பாடிப் பார்ப்பார். நிலைத்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உருப்படி ஆக்குவார். மேடையில் அது கச்சிதமாகத்தான் இருக்கும், ஆனால் பாடுகிறவருக்கு உள்ளே கொஞ்சம் இடம் விட்டிருப்பார். 'அவர் லேடி ஆஃப் லேட்' என்ற தனிக்குரல் தொகுப்பில் துணைக்கு இருப்பது தண்ணீர் ஊற்றிய ஒரு ஒயின் கோப்பைதான். ஈரவிரலால் விளிம்பைச் சுற்றித் தேய்க்க, ஒரே சுருதி விடாமல் ஒலிக்கிறது. தம்புராவுக்குப் பழகிய காது அங்கே உடனே ஒட்டிக்கொள்ளும்.

1978இல் தன் குரல் குழுவைத் தொடங்கினார். பெரும்பாலும் ஏட்டில் எழுதாமல், பாடிக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொருவர் தொண்டைக்கும் என்ன வருமோ அதைப் பார்த்துத்தான் பாகம் அமைத்தார். 1991இல் ஹூஸ்டனில் அரங்கேறிய 'அட்லஸ்' ஆப்பெராவும் அப்படி உருவானதுதான். லாசாவரை போன பயணி அலெக்சாண்ட்ரா டேவிட்-நீலை மனதில் வைத்துச் செய்த கதை அது, பெரும்பகுதியும் சொல்லில்லாமல். இப்படி ஆளோடு ஒட்டிய இசையை அடுத்தவர் எப்படி எடுத்துப் பாடுவது? 2019இல் லாஸ் ஏஞ்சலஸில் யுவால் ஷாரோன் இயக்கத்தில் 'அட்லஸ்' மறுபடி மேடையேறியது. மாங்க் அல்லாத ஒருவர் அதை இயக்கியது அதுவே முதல் முறை. பெற்றவரே பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்ததை நான் பெரிய தைரியமாக நினைக்கிறேன். வழிவழியாகப் பாடாந்தரம் காக்கிற நமக்கு அதன் கனம் தெரியும்.

2002இல் அவருடைய துணைவி மீக்கா வான் ஹூக் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து 'இம்பர்மனன்ஸ்' என்ற படைப்பு வந்தது. எண்பதைத் தாண்டியும் மேடை ஏறுகிறார். 2024 இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் 'இந்திராஸ் நெட்' என்ற படைப்பை மேடையேற்றினார். இளமையில் விக் வைத்து நடித்த வயது இப்போது அவருக்கே வந்துவிட்டது. அந்தக் கிழவிக்கு அன்று கொடுத்த குரல் எவ்வளவு சரியாக இருந்தது என்று அவரிடமே கேட்க எனக்கு ஆசை.

புதிதாகக் கேட்கிறவர்கள் 1981இல் வந்த 'டால்மென் மியூசிக்' இசைத்தட்டில் தொடங்கலாம். முதல் பாட்டு ஒரு தாலாட்டு. பியானோவில் சில சுரங்களே திரும்பத் திரும்ப வரும். செல்பேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், அதில் பாதி மூச்சு காணாமல் போய்விடும்.