டெரிலின் சட்டை கற்பிக்கும் பாடம்



"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நாம் அடிக்கடி சொல்லும் பழமொழி. மனிதனின் மதிப்பில் சரிபாதியை அவன் உடுத்தும் துணிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மொழி அது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது மற்றொன்று. அது துணியின் விலையைக் கேட்பதில்லை. தூய்மையை மட்டுமே கேட்கிறது. இவ்விரண்டில் எதனை நாம் உண்மையில் பின்பற்றி வந்திருக்கிறோம்? இதற்கு விடை காண வேண்டுமாயின், நம் வீடுகளில் ஒரு காலத்தில் அரியணையில் அமர்ந்து, பின்னர் அதிலிருந்து இறக்கப்பட்ட ஒரு துணியின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். டெரிலின் என்றும், டெரிகாட்டன் என்றும், பாலியெஸ்டர் என்றும் நாம் பெயரிட்டு அழைத்த துணியே அது.

1941ஆம் ஆண்டில், மான்செஸ்டரைச் சார்ந்த துணி அச்சு நிறுவனமொன்றில் பணியாற்றிய வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலார் இந்த இழையைக் கண்டறிந்தனர். இது செடியில் காய்ப்பதன்று, புழு நூற்பதுமன்று. பெட்ரோலியத்திலிருந்து பெறும் பொருள்களை இணைத்து, உருக்கி, நுண்ணிய துளைகளின் வழியே செலுத்தி இழையாக்குகின்றனர். இன்று நாம் தண்ணீர் குடித்துவிட்டு வீசியெறியும் பிளாஸ்டிக் புட்டியும் இதே பொருளால் ஆனதே. இங்கிலாந்தில் டெரிலின் என்றும், அமெரிக்காவில் டேக்ரான் என்றும் பெயர் பெற்ற இவ்விழை, 1960களின் நடுவில் பம்பாயை அடுத்த தாணேயில் 'டெரீன்' என்னும் பெயரில் உற்பத்தியாகத் தொடங்கியது. அதனுடன் பருத்தியைக் கலந்தபோது பிறந்ததே நமக்கெல்லாம் பழக்கமான டெரிகாட்டன்.

இத்துணியை மக்கள் விரும்பியதற்குத் தக்க காரணம் இருந்தது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார இரயில் 1931 முதலே ஓடுகிறது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சேலையூரிலும் குடியேறிய குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் அந்த இரயிலை நம்பியே வாழ்ந்தனர். அவர்கள் அணிந்த பருத்திச் சட்டைக்குக் கஞ்சி போட வேண்டும். நீர் தெளித்து இஸ்திரி போட வேண்டும். அத்தனையும் செய்தபின், நெரிசல் மிகுந்த பெட்டியில் கிண்டியைத் தாண்டுவதற்குள் அது கசங்கிவிடும். ஐப்பசி அடைமழையிலோ மூன்று நாளாயினும் ஈரம் உலராது. டெரிலின் சட்டையோ இரவில் துவைத்துக் கொடியில் போட்டால் காலையில் உலர்ந்திருக்கும், மடிப்பும் கலையாது. இரண்டே சட்டைகளில் ஒருவர் வாரத்தை ஓட்டிவிடலாம். குடும்பத் தலைவியின் கைகளுக்கு அது தந்த ஓய்வை எளிதாக எண்ணலாகாது.

ஆயினும், வசதி மட்டுமே அத்துணியை அரியணை ஏற்றிவிடவில்லை. அரசு செயற்கை இழையை ஆடம்பரப் பொருளாகக் கருதி மிகுந்த வரி விதித்தது. எனவே அதன் விலை உயர்ந்திருந்தது. விலை உயர்ந்ததால் மதிப்பும் உயர்ந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களின் பிழைப்புக்கென 1969இல் கடற்கரை இரயில் நிலையத்தருகே பர்மா பஜார் உருவாயிற்று. அங்கே கிடைத்த அயல்நாட்டுத் துணியை வாங்கி வருவது ஒரு சாதனையாகவே பேசப்பட்டது. அகமதாபாத் அருகே நரோடாவில் 1966இல் திருபாய் அம்பானி தொடங்கிய ஆலையின் 'விமல்' துணி பின்னர் நாடெங்கும் பரவியது. என் தலைமுறையினர் சிறுவர்களாயிருந்த 1970களின் இறுதியில், பெல்பாட்டம் கால்சட்டையும் பளபளக்கும் டெரிலின் சட்டையும் அணிந்த இளைஞரே தெருவின் நாயகர். மணமகனுக்கும் அதுவே, கிறிஸ்து பிறப்பு விழாவின் புத்தாடையும் அதுவே. குருக்களாகிய எங்கள் வெள்ளை அங்கிகூட டெரிகாட்டனாயிற்று! பருத்தி வேட்டியும் கைத்தறிச் சேலையும் வேறு வழியற்றோரின் உடை என ஒதுக்கப்பட்டன.

பிறகு காற்று திசை மாறியது. 1982இல் மகாராட்டிரத்துப் பாதாள்கங்காவில் பெரியதொரு பாலியெஸ்டர் நூல் ஆலை இயங்கத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டின் தேசிய ஜவுளிக் கொள்கை, பருத்திக்கும் செயற்கை இழைக்குமிடையே இருந்த வேற்றுமையைத் தளர்த்தியது. சூரத்து நகரின் விசைத்தறிகள் பூப்போட்ட சேலைகளை மலைமலையாய்க் குவித்தன. விலை இறங்கிற்று. கூலி வேலை செய்யும் பெண்ணும் பாலியெஸ்டர் சேலை வாங்கக்கூடிய காலம் வந்தது. வசதி படைத்தோர் அக்காலத்தில்தான் திடீரென ஓர் உண்மையைக் கண்டறிந்தனர்: "இந்தத் துணி வியர்க்கிறதே!"

உண்மைதான், வியர்க்கிறது. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்று வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரோ அரைப் பங்குகூட ஏற்பதில்லை. எனவே வியர்வை உடலிலேயே தங்குகிறது. நாற்றமும் எளிதில் அகல்வதில்லை. நெருப்பு பட்டாலோ அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கலந்த துணியில் பருத்தி தீயைத் தாங்கி நிற்க, மற்ற இழை உருகி வழியும். அடுப்பருகே நிற்கும் பெண்கள் இதனை மறத்தலாகாது.

ஆனால் ஒரு கேள்வி. சென்னையின் கத்திரி வெயில் 1970இலும் அடிக்கத்தானே செய்தது? அன்று வியர்க்கவில்லையா? வியர்த்தது, எனினும் எவரும் அதனைப் பெரிதாகப் பேசவில்லை. துணி மாறவில்லை, வெயிலும் புதிதன்று. அதனை உடுத்துவோர் யார் என்பதே மாறிற்று. செல்வர் உடுத்தியபோது நாகரிகமாயிருந்தது, ஏழை உடுத்தியதும் மட்டமாயிற்று. அதே செல்வர் திரும்பிச் சென்றதும், முன்பு இழிவாயிருந்த பருத்தி உயர்வாயிற்று. இன்று குரோம்பேட்டையின் அடுக்குமாடித் துணிக்கடைகளில் நல்ல கைத்தறிப் பருத்திச் சேலையின் விலையைக் கேட்டுப் பாருங்கள். அதன் விலைக்குப் பாலியெஸ்டர் சேலைகள் பல வாங்கலாம்.

பாலியெஸ்டர் வீழ்ந்துவிட்டது என்போரும் உளர். மதிப்பில் வீழ்ந்தது மெய், பயனில் வீழவேயில்லை. உலகில் இன்று உற்பத்தியாகும் இழையில் பாதிக்கும் மேற்பட்டது அதுவே. விளையாட்டு உடையாகவும், பட்டுப்போல் மின்னும் மலிவான சேலையாகவும், வேறு பெயர்களில் அது நம்மிடையே உலவுகிறது.

அதனை விரும்பி அணிவோரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வேறு வழியின்றி அணிவோரைப் பற்றியே கவலை. ஜி.எஸ்.டி. சாலையோரத்து அடுக்ககங்களின் வாயிலில், கெட்டியான செயற்கை இழைச் சீருடையில் பகலெல்லாம் நிற்கும் காவலாளியைப் பாருங்கள். உணவுப் பொட்டலம் சுமந்து நண்பகலில் வண்டியோட்டும் இளைஞனின் பனியனைத் தொட்டுப் பாருங்கள். தாம்பரத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி வளாகத்தில் அயல்நாட்டாருக்கு ஆடை தைக்கும் மகளிருள் பலர், வீடு திரும்புகையில் உடுத்தியிருப்பது மலிவான செயற்கை இழைத் துணியே. எல்லாருக்கும் மேலாக நம் குழந்தைகள்! சூன் மாத வெப்பத்தில் தகரக் கூரையின் கீழும், நெருக்கமான வகுப்பறையிலும், மாலைவரை அந்தச் சீருடையில் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். "எளிதில் கிழியாது, சாயம் போகாது" என்று சொல்லித் துணியைத் தேர்ந்தெடுப்போர் குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பள்ளி நிர்வாகத்திலும் பெற்றோர் கூட்டங்களிலும் இடம் பெற்றுள்ளோர், அடுத்த ஆண்டுச் சீருடையை முடிவு செய்யுமுன் அதில் பருத்தி எவ்வளவு என்று கேளுங்கள். விலை சற்றே கூடுமாயின், ஏழைப் பிள்ளைகளின் பங்கை மற்றவர் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, அடுக்ககச் சங்கங்களில் பொறுப்பு வகிப்போர், காவலாளிக்குக் கோடையிலேனும் மெல்லிய பருத்திச் சட்டை கிடைக்க வழி செய்யுங்கள்.

மூன்றாவது, விழாநாளில் ஆலயத்திற்கோ திருமணத்திற்கோ வரும் எவருடைய துணியையும் கண்களால் எடைபோடாதீர்கள். ஒரு தாய் தன் மகளுக்கு வாங்கித் தந்த மின்னும் பாலியெஸ்டர் பாவாடைக்குப் பின்னால் எத்தனை நாள் கூலி மறைந்திருக்கிறதோ, நாம் அறியோம். அச்சிறுமியின் முகத்திலுள்ள மகிழ்ச்சி கலப்படமற்றது.

நம் உடையைக் கண்டு பிறர் நமக்கு மதிப்பிடும் வழக்கம் எளிதில் ஒழியாது. ஆயினும் நாம் பிறரை அவ்வாறு மதிப்பிடாதிருத்தல் நம் கையில் உள்ளதன்றோ?