புது ஸ்விட்சும் அம்மா அடுக்கிய இட்லித் தட்டும்



தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு முறுக்கும் நெய் உருண்டையும் வந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு அவற்றோடு ஒரு பெட்டியும் மலையேறி வந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மச்சான், தாப்பா சாலையின் அத்தனை வளைவுகளிலும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே இருந்தது நிண்டெண்டோ ஸ்விட்ச் 2. "பத்து நாள் உங்ககிட்ட இருக்கட்டும். ஆடிப் பார்த்து எழுதுங்க. கீழ மட்டும் போட்டுடாதீங்க" என்று எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

2025 ஜூன் 5-ஆம் தேதி வெளிவந்து, முதல் நான்கு நாள்களில் உலகம் முழுவதும் 35 இலட்சத்துக்கு மேல் விற்ற கன்சோல் இது. வெளியானபோது அமெரிக்காவில் இதன் விலை ஏறக்குறைய 450 டாலர். அப்போதைய நாணய மதிப்பில் நம் கணக்குக்கு ஏறக்குறைய 1,900 வெள்ளி. கடைக்காரர் சேர்ப்பது அதற்கு மேல். கேம் வாங்கும் காசு தனி. 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதாவது அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஒரு மாதம் சாப்பிடாமல் எடுத்து வைத்தாலும் இந்தப் பெட்டி கைக்கு வராது.

இந்தக் கணக்கை முதலிலேயே போடக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு தாய் கேட்டிருந்தார்: "ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பையன் புது ஸ்விட்ச் கேட்டு நச்சரிக்கிறான். வாங்கலாமா, வேண்டாமா?" ஆடிப் பார்க்காமல் பதில் சொல்லக்கூடாது என்று இருந்தேன். இப்போது ஆடிப் பார்த்துவிட்டேன். பதில் கடைசியில்.

கையில் எடுத்தவுடன்

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் அம்மா இன்னும் இருக்கிறார். அத்தான் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்வதால் அக்கா குடும்பத்தோடு அந்த வீடு நிலைத்திருக்கிறது. பண்டிகை விடுமுறைக்கு நாங்கள் கூடும் இடம் அதுதான். எனவே இந்த வாரச் சோதனைக்கூடமும் அதுதான். வெளியே பனிமூட்டம், உள்ளே காலுறை போட்ட கால்களோடு நான், பக்கத்தில் பதினொரு வயது அக்கா மகன்.

பெட்டியைத் திறந்ததும் தெரிவது திரையின் அகலம். பழைய ஸ்விட்சில் 6.2 அங்குலம். இதில் 7.9 அங்குலம். படத்தின் தெளிவும் 720-இலிருந்து 1080-க்கு ஏறியிருக்கிறது. பக்கவாட்டில் மாட்டும் ஜாய்-கான் இரண்டும் முன்பு தண்டவாளத்தில் தள்ளுவதுபோல் தள்ள வேண்டியவை. இப்போது காந்தம் 'டக்' என்று இழுத்துக்கொள்கிறது. மொத்த எடை அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். படுத்துக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். மின்கலம் இரண்டு முதல் ஆறரை மணி நேரம் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. எனக்கு மரியோ கார்ட் ஆடும்போது இரண்டரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. மழைக்கு மின்சாரம் போய் வரும் வீட்டில் இதைக் கவனத்தில் வையுங்கள்.

'மரியோ கார்ட் வேர்ல்ட்' முதல் நாளே எங்களைப் பிடித்துக்கொண்டது. முன்பு பன்னிரண்டு பேர் ஓடிய பந்தயத்தில் இப்போது இருபத்து நான்கு பேர். முதல் வளைவிலேயே இடியும் மோதலும்தான். ஒரு பசுமாடும் வண்டி ஓட்டுகிறது. அக்கா மகன் கடைசிவரை அந்த மாட்டை விடவில்லை. பந்தயம் வேண்டாம் என்றால் மலை, கடற்கரை, பட்டணம் என்று வண்டியை விட்ட போக்கில் ஓட்டிக்கொண்டே போகலாம். எனக்குப் பந்தயத்தைவிட அதுதான் பிடித்தது. ஆனால் இந்த ஒரு கேமின் விலை 80 டாலர். அதையும் மறந்துவிடாதீர்கள்.

சாவி மட்டும் இருக்கும் அட்டை

மூன்றாம் நாள் மச்சான் கொடுத்திருந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' அட்டையைச் செருகினேன். ஆட்டம் தொடங்கவில்லை. பதிவிறக்கம் செய்யச் சொன்னது. அளவு ஏறக்குறைய 50 ஜிகாபைட்.

மலையில் இருக்கும் வாசகர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ஸ்விட்ச் 2-க்கு வரும் அட்டைகள் எல்லாவற்றிலும் கேம் இருப்பதில்லை. சிலவற்றின் பெயர் 'கேம்-கீ கார்டு'. பெயருக்கேற்ப அதில் இருப்பது சாவி மட்டும். வீடு இணையத்தில் இருக்கிறது. முதல் தடவை முழுக் கேமையும் இறக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு இணையம் தேவையில்லை, அட்டை உள்ளே இருந்தால் போதும். எல்லா நிறுவனமும் இப்படிச் செய்வதில்லை. 'சைபர்பங்க் 2077' போன்ற பெரிய கேமே முழுவதும் 64 ஜிகாபைட் அட்டையில் வந்திருக்கிறது. வாங்கும்போது பெட்டியின் முன்பக்கம் கீழே பாருங்கள். சாவிப் படம் போட்ட வெள்ளைப் பட்டை இருந்தால் அது சாவி அட்டை.

பட்டணத்தில் இது பெரிய விஷயமில்லை. எங்கள் லயத்திலோ ஜன்னல் ஓரம் கைப்பேசியை நிறுத்தி வைத்தால்தான் இணையமே எட்டிப் பார்க்கும். இரவு பத்து மணிக்குப் பதிவிறக்கத்தைத் தொடங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் 11 விழுக்காடு. வெளியே மழை. அக்கா மகன் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் பையில் கிடந்த என் பழைய ஸ்விட்ச் நினைவுக்கு வந்தது. 2017-இல் அறிமுகமான முதல் வகை. அதில் முன்பே இறக்கி வைத்த ஒரு சின்னக் கேம் இருந்தது. பெயர் 'வெண்பா'.

அம்மா எழுந்து வந்த கேம்

'வெண்பா' 2023 ஜூலை 31-இல் வெளிவந்தது. கனடாவின் டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. அபி என்ற தமிழ் இளைஞர் அதன் வடிவமைப்பாளர். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறும் வெண்பா, பாவலன் தம்பதியும் அங்கே பிறக்கும் மகன் கவினும்தான் கதை. சுடுவது, வெட்டுவது, குதிப்பது எதுவும் இல்லை. சமைக்க வேண்டும், அவ்வளவுதான். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன படிகளை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசை வாங்கியது.

இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். தனியாக ஒருமுறை ஆடியும் இருந்தேன். ஆனால் இந்த முறைதான் சரியாக ஆடினேன் என்று சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சியில் இணைத்ததும் கேமுக்குள் இருக்கும் வானொலி பாடத் தொடங்கியது. அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டார்: "எந்தப் படத்துப் பாட்டுடா இது? கேட்ட மாதிரியே இருக்கு." எந்தப் படத்துப் பாட்டும் இல்லை. பழைய திரைப்பாட்டுகளின் சாயலில் இந்தக் கேமுக்காகவே போட்ட பாட்டுகள். அதைச் சொன்னதும் அம்மா பூண்டுத் தட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் சமையல் இட்லி. அக்கா மகன் மாவை ஊற்றித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். இட்லி சரியாக வரவில்லை. மறுபடியும் அடுக்கினான். மறுபடியும் வரவில்லை. அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"எல்லாத் தட்டையும் ஒரே மாதிரி வச்சா ஆவி எப்படிடா போகும்? நடுத் தட்டைத் திருப்பி வை."

திருப்பி வைத்தான். இட்லி வெந்தது. அம்மா முகத்தில் வந்த சிரிப்பை நான் எந்தக் கேமை ஜெயித்தபோதும் யார் முகத்திலும் பார்த்ததில்லை. அடுத்து புட்டு வந்தபோது அவன் கேட்கும் முன்பே பதில் வந்தது: "அடியில சில்லு போடுடா. இல்லாட்டி மாவெல்லாம் பானைக்குள்ளதான் போகும்."

நாங்கள் கேமை ஆங்கிலத்தில் வைத்து ஆடினோம். அக்கா மகன் தேசியப் பள்ளியில் படிக்கிறான். தமிழ் பேசுவான், வாசிக்கத் தடுமாறுவான். அம்மாவுக்கோ ஆங்கிலம் தெரியாது. ஆகவே அவன் திரையில் இருப்பதை வாசித்து, தமிழில் பாட்டிக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நன்றாகத்தான் போனது. ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"பாட்டி, அவங்களுக்கு வந்து... அவங்க ஊரு... ரிண்டு பாட்டி."

"ஊர் ஏக்கம்னு சொல்லு" என்றார் அம்மா.

"ஏக்கம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

கதையில் கவின் வளர்கிறான். வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்கிறான். அம்மாவின் பேச்சும் பழக்கமும் நண்பர்களுக்கு முன்னால் அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பகுதி வந்தபோது அக்கா மகன் வாசிக்கும் வேகம் குறைந்தது. சில வரிகளை அவன் பாட்டிக்குச் சொல்லாமலே தாண்டினான். அம்மாவும் என்ன என்று கேட்கவில்லை.

எனக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படிவம் ஒன்று படிக்கும்போது, ஒருநாள் அம்மா வேலை முடித்து அப்படியே பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கறை பிடித்த சாக்குத் துணி. "அடுத்த தடவை பஸ் நிறுத்தத்திலேயே நில்லும்மா" என்றேன். அதன் பிறகு அவர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வந்ததே இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், கிலோ கணக்கில் கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் சீட்டுக் கட்டி, எனக்கு மைக்ரோ ஜீனியஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். நான் இன்று இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்றால் அந்தச் சிவப்பு வெள்ளைப் பெட்டியில் தொடங்கியதுதான்.

கேம் முடிந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். "இந்த மாதிரி நம்ம தேயிலைத் தோட்டத்தைப் பத்தி இல்லையா?"

இல்லை என்றேன். மலேசியாவில் கேம் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் 2020-இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' வெளியிட்டது. 2022-இல் 'கிகாபாஷ்' வந்தது. இரண்டும் உலகச் சந்தையில் நிற்கின்றன. ஆனால் 1929-இல் ஹாபுவில் தேயிலை போட்ட காலம்தொட்டு இந்தச் சரிவுகளில் கூடை சுமந்த நம் ஆள்கள் இன்னும் எந்தத் திரைக்குள்ளும் வரவில்லை. லயங்களில் நம் குடும்பங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இப்போது பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்த தம்பிகள். கொழுந்து பறிக்கும் கையசைவையும் நிறுவைத் தராசின் முன்னால் நடக்கும் வாக்குவாதத்தையும் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்தால்தான் உண்டு. கணினித் துறை படிக்கும் தம்பி தங்கைகளே, ஒரு சின்னக் குழுவும் ஒன்றரை மணி நேரக் கதையும் போதும் என்று வெண்பா காட்டியிருக்கிறது.

மறுநாள் அக்கா மகன் ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புட்டுக்கு எப்படி மாவு பிசைவது என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். முதலில் ஆங்கில எழுத்தில் தொடங்கியவன், இரண்டாவது வரியில் "மாமா, அரிசிக்கு எந்த 'ரி'?" என்று என்னைக் கேட்டான்.

நம் தீர்ப்பு

ஸ்விட்ச் 2: 10-க்கு 8. திரையும் வேகமும் அருமை. எடை, மின்கலம், சாவி அட்டை மூன்றையும் யோசித்து வாங்குங்கள்.

மரியோ கார்ட் வேர்ல்ட்: 10-க்கு 8. வீடு நிறைய ஆள் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

வெண்பா: 10-க்கு 9. வெளியானபோது 15 டாலர், நம் காசுக்கு அறுபது வெள்ளிச் சொச்சம். பழைய ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி எதிலும் ஆடலாம்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: உங்கள் வீட்டில் பழைய ஸ்விட்ச் இருந்தால் இந்த விடுமுறைக்குப் புதியது வேண்டாம். பழைய கேம்களில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும் என்பதால், பிறகு வாங்கினாலும் நட்டமில்லை. இப்போதைக்கு வெண்பாவை வாங்கிக் கொடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பையனைத் தனியாக ஆட விடாதீர்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். இட்லித் தட்டு வரும்போது அவனுக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள்.

புது ஸ்விட்ச் நேற்று பத்திரமாகக் கோலாலம்பூர் திரும்பியது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 64 விழுக்காட்டில் நிற்கிறது. மீதியை மச்சான் பார்த்துக்கொள்வார்.

அடுத்த வாரம்: 200 வெள்ளிக்குள் கிடைக்கும் பழைய கன்சோல்கள், வாங்கும் முன் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும்?