துரியோதனனுக்காக அழும் ஊர்

2025 மே 7ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது, நம் வீட்டுத் தொலைக்காட்சிகள் சைரன் ஒலியோடு செய்தி வாசித்தன. அந்தச் சைரனை நிகழ்ச்சிகளில் ஒலிக்கவிடாதீர்கள் என்று ஒன்றிய அரசே ஊடகங்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டி வந்தது. விழுப்புரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி எந்த ஊரைத் தரைமட்டமாக்கலாம் என்று பேசியவர்களையும் கேட்டோம். பங்குனியில் தொடங்கி ஆடி வரை திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரக் கிராமங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும் பருவமும் அதுதான். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அங்கேயும் போர்தான் நடக்கிறது. ஆனால் அது முடிகிற விதம் வேறு.

போருக்கு எதிரான நாட்டுப்பாடல் தமிழில் உண்டா என்று இளம் நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பவர் கிடாரும் கையுமாக நிற்கும் பீட் சீகர். பூக்களெல்லாம் எங்கே போயின என்று கேட்கும் அவருடைய பாட்டு 1955இல் பிறந்தது. அதன் விதை, ஷோலகவின் டான் நதி நாவலில் வரும் கோசாக்குத் தாலாட்டு. குதிரைப்படையில் பிழைத்த சமூகத்தின் தாலாட்டு, வியட்நாம் போரை எதிர்த்தவர்களின் வாய்க்கு வந்து சேர்ந்தது. எதிரி என்று யாரையும் அது காட்டவில்லை. நம்மிடமும் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது. பாரதத் திருவிழாவில் துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலையில் அதைக் கேட்கலாம்.

கூத்து மேடைக்கு அப்பால் திறந்த வெளியில் துரியோதனன் மண்ணால் படுத்திருப்பான். நாலைந்து ஆள் நீளம், உருட்டிய கண், முறுக்கிய மீசை, மேலெல்லாம் வண்ணம். விடிய விடிய ஆடிய களைப்போடு பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வியர்வையில் அரிதாரம் கரைந்து கழுத்தில் வழியும். தொடையில் அடி விழும். சிவப்பு நீர் கசியும். திரௌபதி கூந்தல் முடிவாள். ஊர் ஆரவாரிக்கும். அப்புறம் ஆர்மோனியம் தணிந்து ஒப்பாரி எழும். சில ஊர்களில் காந்தாரி அழுவாள், சில ஊர்களில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள். வேஷம் கட்டியிருப்பவர் ஆண்தான். ஆனால் அவர் இழுக்கும் ராகம் எழவு வீட்டு ராகம். இனி வாசலில் யார் வந்து நிற்பார்கள், யாருக்கு உலை வைப்பது என்று அது கேட்கத் தொடங்கியதும், சற்றுமுன் பீமனுக்குக் குரல் கொடுத்த பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொள்கிறார்கள். சிலர் வாய்விட்டே அழுகிறார்கள். போன வருஷம் மகனைப் பறிகொடுத்தவள் மகனுக்கும் சேர்த்து அழுகிறாள்.

இது திரௌபதியின் கோயில், திரௌபதியின் திருவிழா என்பதை மறந்துவிடக்கூடாது. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியைத்தான் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடமாகப் பலர் சொல்கிறார்கள். ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட பெருநூல் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்குப் போகும் வழியையே தலைப்பில் வைத்தது. அந்த அம்மனைச் சபையில் துகிலுரியச் சொன்னவன் துரியோதனன். அவன் சாக வேண்டும் என்பதற்காகத்தான் ஊர் கூடுகிறது. செத்ததும் அவனுக்காக ஊர் அழுகிறது. மாலையில் தீ மிதிக்கப் போகிற அதே ஜனம்தான். ஒரு விழாவுக்குள் இந்த இரண்டுக்கும் இடம் வைத்த மூளை யாருடையது என்று தெரியவில்லை. அது பெரிய மூளை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பிரசங்கியார் கையில் இருப்பது வில்லிபாரதம். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவங்களில் பாடி, சௌப்திக பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். வியாசரிடம் அதற்கு அடுத்து வருவது ஸ்திரீ பருவம்: களத்தில் பிணங்களுக்கு நடுவே பெண்கள் புலம்பும் பகுதி. வில்லியில் அந்தப் பருவம் இல்லை. புலவர் விட்டதை நம் கூத்தாடிகள் களத்து மண்ணிலேயே பாடி வைத்திருக்கிறார்கள். வெற்றியோடு கதையை முடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

செஞ்சிக்கோட்டைக் கதையிலும் இதே மனம்தான். 1714இல் கப்பப் பாக்கிக்காக ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி இறந்த செஞ்சி அரசன் தேசிங்குக்கு 22 வயது என்கிறார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாக, கூத்தாக ஊர் ஊராகப் போன அந்தக் கதைப்பாடல் வீரத்தைப் பாடத்தான் பாடுகிறது. ஆனால் கேட்பவர் நெஞ்சில் நிற்பது கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து நண்பனுக்காகக் களம் போன முகமதுகான்தான். போகாதே என்று சொல்லியும் தேசிங்கு கேட்காததால் சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று மலையடிவாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். தன்னை எதிர்த்தவனின் மனைவி உடன்கட்டை ஏறியதை எண்ணித்தான் நவாப் ராணிப்பேட்டையை அமைத்தார் என்றும் சொல்வார்கள். எதிரி வீட்டு இழவுக்குத் தலை வணங்கிய கதையையும் சேர்த்தே ஜனங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அழுகை தானாகவே சமாதானம் பேசிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கண்ணீரைக் காட்டிப் படைக்கு ஆள் சேர்ப்பது பழைய தொழில். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்த பிறகும் ஒரே மகனுக்குத் தலை சீவிப் போருக்கு அனுப்புகிறாள். நம் மேடைகள் அவளை முழங்கி முழங்கித் தேய்த்துவிட்டன. ஈழத்திலும் தாயின் கண்ணீர் ஆள் சேர்க்கும் பாட்டானதுண்டு. திரௌபதியின் அவிழ்ந்த கூந்தலும் பதினெட்டு நாள் ரத்தம் கேட்டதுதான். நம் பிணத்துக்கு மட்டும் அழும் பாட்டு அடுத்த போருக்கு முரசாகிவிடும். எதிராளியின் பெண்டாட்டியையும் நடுவே உட்காரவைத்து அழும்போதுதான் ஒப்பாரிக்குப் போரைத் தடுக்கும் பலம் வருகிறது. அதே புறநானூற்றில், மூவேந்தரிடம் தந்தையையும் பறம்பையும் இழந்த பாரி மகளிர் ஐந்தே அடியில் பாடிய பாட்டும் இருக்கிறது. பழி வாங்கச் சொல்லி அதில் ஓர் எழுத்துகூட இல்லை. அந்தப் பெண்களைக் கபிலர் கொண்டுவந்து சேர்த்ததாகச் சொல்லப்படும் திருக்கோவிலூர், விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான். மேடைகளில் அவர்கள் குரல் எத்தனை முறை கேட்டிருக்கிறது?

பக்கத்திலேயே இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்ட கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலையில் ஒப்பாரி வைக்கிறார்கள். எதிரி கொன்றவன் அல்ல அரவான். ஜெயிப்பதற்காகச் சொந்தப் பக்கத்தாரான பாண்டவர்களே களப்பலி கொடுத்த பிள்ளை. 2025இல் அந்தப் பௌர்ணமி மே 12. துப்பாக்கிகள் ஓய்ந்து இரண்டே நாள். மற்றொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்புத்துப்பட்டு முகாம். ஈழப்போர் துரத்திய குடும்பங்கள் அங்கே ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்கின்றன. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. உடலைப் பார்க்காத சாவுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது என்ற கேள்வி போர் துரத்திய வீடுகளுக்குத்தான் தெரியும். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் அதே கேள்வியோடுதான் உட்கார்ந்தார்கள்.

விழாக் கமிட்டிகளுக்கு ஒரு வார்த்தை. செலவைக் குறைக்கக் கூத்து இரவுகளைக் குறைத்து ஆர்கெஸ்ட்ரா வைக்கிறீர்கள். வெயில் ஏறுகிறது, தீமிதிக்கு நேரமாகிறது என்று படுகளத்து ஒப்பாரியை நாலு அடியில் முடிக்கச் சொல்கிறீர்கள். சண்டையை வேண்டுமானால் குறையுங்கள், அழுகையைக் குறைக்காதீர்கள். வாசகர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் ஊர்ப் பாட்டிமார் வைக்கும் ஒப்பாரியை, அவர்கள் சம்மதத்தோடு கைப்பேசியில் பதிந்து அனுப்புங்கள். வரும் இதழ்களில் எழுத்தில் கொண்டுவருவோம். போர் வேண்டும் என்று டீக்கடையில் பேசுகிற நண்பரை அடுத்த படுகளத்துக்கு அழைத்து வாருங்கள். பெருந்திருவாள் பாடி முடிக்கும்வரை அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். அதற்குப் பிறகும் போர் வேண்டும் என்றால், அப்போது பேசிக்கொள்வோம்.

– ஆசிரியர் குழு