பத்திரம், பத்திரமாக இருக்கிறதா?

“எய்யா, இன்சூரன்ஸு போட்டேன்னு சொன்னியே, பாண்டு இன்னும் வரலையே?”

“அது மெயில்ல வந்துட்டும்மா.”

“மெயிலா? அதை எந்தப் பீரோவுல வச்சிருக்க?”

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வந்து இறங்கும் மகனிடம் ஓர் அம்மா இப்படிக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பத்திரத்தைத் தேடப்போவது அந்த அம்மாதான். அவருக்குப் பீரோவைத் திறக்கத் தெரியும். மகனுடைய செல்போனைத் திறக்கத் தெரியுமா?

விசைத்தறி ஓடும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், எல்.ஐ.சி. பாண்டு எல்லாம் ஒரே மஞ்சப்பையில், பீரோவின் மேல் தட்டில் இருக்கும். ஆபத்து வந்தால் அந்தப் பையை எடுத்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்குக்கூட அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அந்தப் பை இப்போது மெல்ல இளைத்து வருகிறது.

தபாலில் இருந்து போனுக்கு

பாலிசிகளை மின்னணு வடிவில் சேமிக்கும் ‘இ-இன்சூரன்ஸ் கணக்கு’ முறையை 2013-ல் அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் தொடங்கிவைத்தார். பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020-ல் கொரோனா வந்தது. தபாலும் கூரியரும் தடுமாறியபோது, ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை மின்னணு முறையில் அனுப்ப, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்தது. 2024 ஏப்ரல் முதல், பாலிசிகளை மின்னணு வடிவில் வழங்குவதே விதியாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1884-ல் இருந்து அஞ்சல் ஆயுள் காப்பீட்டை நடத்திவருவது தபால்துறை. ஊரார் பாலிசிகளை எல்லாம் வீட்டுக்கு வீடு சுமந்த அந்தத் துறையே, தன்னுடைய பாலிசி பத்திரத்தை டிஜிலாக்கர் செயலியில் தருகிறது!

காகிதத்தின் கஷ்டம்

காகிதம் ஒன்றும் கவலையில்லாத பொருள் அல்ல. வாடகை வீடு மாறியிருப்பார்கள், தபால் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடும். புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி வரும் ஊர்தான் சங்கரன்கோவில். ஆனால், கரையான் பரணில் ஏறிவிட்டால் பாலிசி பத்திரத்துக்கும் பழைய பேப்பருக்கும் வித்தியாசம் பார்க்காது.

பத்திரம் தொலைந்தாலும் காப்பீடு தொலைவதில்லை. அது நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். ஆனால், நகல் பாலிசி வாங்க முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம், கட்டணம், கையெழுத்து என்று அலைய வேண்டியிருக்கும். மின்னணுப் பத்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

மின்னணுவின் கஷ்டம்

காகிதப் பத்திரம் கண்ணில் படும். மெயிலில் வந்தது தேடினால்தான் கிடைக்கும். எந்த மெயில், என்ன பாஸ்வேர்டு என்பது போனின் சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றால், அவர் இல்லாத நாளில் பாலிசியும் இல்லாதது போலத்தான்.

அதைவிடச் சிக்கலான ஒன்று, முகவரியே தப்பாக இருப்பது. போன் வாங்கிய கடையில் பையன் ஒருவன் உருவாக்கிக் கொடுத்த மெயில் முகவரி நமக்கே நினைவிருக்காது. சில நேரம் அவசரத்தில் ஏஜென்டின் மொபைல் எண்ணோ, மெயிலோ விண்ணப்பத்தில் ஏறிவிடும். பிறகு பத்திரமும் பிரீமிய நினைவூட்டலும் அவருக்கே போகும். நமக்கு ஒன்றுமே வராது.

இதனால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆயுள் காப்பீட்டையும், ஓராண்டோ அதற்கு மேலோ உள்ள மருத்துவக் காப்பீட்டையும் படித்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சில பிடித்தங்கள் போக மீதிப் பணம் வந்துவிடும். பத்திரம் கைக்கு வந்த நாளில் இருந்து அந்த 30 நாள் ஓடத் தொடங்கும். மெயிலில் வந்தாலும் வந்ததுதான். திறக்காமலே கிடந்தால், அந்த உரிமை சத்தமில்லாமல் முடிந்துபோகும்.

பத்திரமே வராத பாலிசி

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்தம் செய்யப்படும் பிரதமரின் ஜீவன் ஜோதி, 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா விபத்துக் காப்பீடு ஆகியவற்றில் லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. முதலாவதில், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய். இரண்டாவதில், விபத்தில் இறந்தால் 2 லட்சம். இவற்றுக்குப் பாண்டு எதுவும் வீடு தேடி வருவதில்லை. பாஸ்புக்கில் உள்ள ஒரு வரிதான் அடையாளம். குடும்பத்தில் ஓர் இறப்பு நேர்ந்தால், கணக்கை முடிப்பதற்கு முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் பெரும்பாலும் மே மாதக் கடைசியில் நடக்கும்.

யாரும் கேட்காத பணம் என்ன ஆகும்? காப்பீட்டு நிறுவனத்திடம் 10 ஆண்டுகள் உரிமை கோரப்படாமல் கிடந்தால், மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அதன்பிறகும் 25 ஆண்டுகள் வரை வாரிசுகள் கேட்கலாம். ஆனால், பாலிசி இருந்தது என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்?

மஞ்சப்பைக்கு ஒரு தாள்

* விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதா என்று வாசித்துப் பாருங்கள். காகிதப் பிரதி வேண்டும் என்றால் அப்போதே எழுதிக் கேளுங்கள்.

* மெயிலில் வந்ததும் திறந்து, பெயர், பிறந்த தேதி, நாமினி மூன்றையும் சரிபாருங்கள்.

* ஒரு பிரதியை அச்செடுங்கள். அல்லது ஒரே தாளில் நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், தொகை, நாமினி, பிரீமியம் கட்டும் மாதம் ஆகியவற்றை எழுதிப் பீரோவில் வையுங்கள்.

* இ-இன்சூரன்ஸ் கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை. அதில் ‘அதிகாரம் பெற்ற பிரதிநிதி’ என ஒருவரைக் குறிப்பிடலாம். நீங்கள் இல்லாதபோது விவரங்களை அவர் பார்க்க முடியும். பணம் மட்டும் நாமினிக்குத்தான்.

* பத்திரம் வரவில்லையா? முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் இல்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’வை 155255 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம்.

* “பாண்டு அனுப்புகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால், போனை வைத்துவிடுங்கள்.

தபாலா, மெயிலா என்பதைக் காலம் முடிவு செய்துவிட்டது. அது வந்திருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்வது மட்டும் நம் வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அல்வாவோடு அந்த ஒரு தாளையும் எடுத்துப் போங்கள். “எந்தப் பீரோவுல வச்சிருக்க?” என்று அம்மா கேட்டால், “உன் பீரோவுலதாம்மா” என்று சொல்ல முடியும்.