குடிகள் அகன்ற வீதியில் தேர் யாருக்காக?

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது முன்னோர் வாக்கு. குடிகள் அகன்ற வீதியில் கோயில் எங்ஙனம் தழைக்கும் என்பது பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரம் இன்று எதிர்நோக்கும் வினா.

குவீன் வீதி அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயம் 1833-ஆம் ஆண்டில் எழுந்தது. துறைமுகத்தில் பாரம் சுமந்தோரும் வணிகம் செய்தோரும் அதன் அண்டையில் வாழ்ந்தனர். அவர்தம் குடியிருப்பே கோயிலுக்கு வேலியாகவும் விளக்காகவும் விளங்கியது.

2008-ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர். அதனைச் சூழ்ந்த பாதுகாப்புப் பகுதி 150 ஹெக்டேர். பழைய கட்டடங்களின் முகப்பையும் புதியனவற்றின் உயரத்தையும் நெறிப்படுத்த விதிகள் உள்ளன. இது போற்றத்தக்கதே. ஆயினும் சுவரைக் காக்கும் விதி, சுவருக்குள் வாழ்ந்தவரைக் காக்கவில்லை.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியோடு முடிவுற்றது. வாடகை உயர்ந்தது; தலைமுறை தலைமுறையாக இருந்தோர் பலர் வெளியேறினர். பல கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

பழைய சட்டமும் குறையற்றதன்று. சொற்ப வாடகையில் கூரையைச் செப்பனிட இயலாமல் உரிமையாளர் தவித்ததும் உண்மை. சுற்றுலா பலருக்குப் பிழைப்பு அளிப்பதும் உண்மை. எனவே வளர்ச்சியைத் தடுப்பது தீர்வாகாது. வளர்ச்சியில் குடிகளுக்கும் இடம் ஒதுக்குவதே தீர்வு. மாடியில் குடும்பம் வாழும் கடைவீட்டிற்கு மதிப்பீட்டு வரியில் சலுகை அளிக்கலாம். பூக்கட்டுவோர், பூசைப் பொருள் விற்போர் போன்ற சிறு தொழிலாளருக்கு நியாய வாடகையில் நீண்டகால ஒப்பந்தம் வழங்கலாம்.

இதில் அரசை மட்டும் நோக்குதல் முறையன்று. கடைவீடுகளை உடைய ஆலயங்களும் அறநிலையங்களும் புரவலர்களும் மிகுந்த வாடகை தருவோரை மட்டுமே நாடாது, கோயிலை அண்டி வாழ்வோருக்கு முதலிடம் தருதல் வேண்டும். கும்பாபிஷேகத்திற்கு வாரி வழங்கும் கரங்கள் இதனையும் திருப்பணியாகவே கொள்ளல் தகும்.

தைப்பூசத்தில் வெள்ளிரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. 2017 முதல் குவீன் வீதியிலிருந்து தங்கரதமும் பவனி வரத் தொடங்கியது. வாசலில் கோலமிட்டு, தட்டேந்தி நிற்க வீட்டார் இருந்தால்தான் அது வீதியுலா. விடுதியின் பலகணியில் நின்று படம்பிடிப்போர் மட்டுமே எஞ்சினால் அது வெறும் காட்சி. மரபுடைமை நகரம் எதனை விரும்புகிறது என்பதை இன்றே முடிவு செய்தல் நலம்.