கோடு விழாத பட்டை



சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்திலிருந்து ஒரு தந்தை என் இல்லத்திற்கு வந்தார். கைக்குட்டையில் பொதிந்திருந்த ஒரு சிறு பட்டையை மேசைமீது வைத்தார். மருந்துக் கடையில் வாங்கி, பதினொன்றாம் வகுப்பில் பயிலும் தம் மகனின் சிறுநீரைச் சோதித்த பட்டை அது. "அபினி வகைக்குரிய இடத்தில் கோடு விழவில்லை, சாமி. விழாவிட்டால் உட்கொண்டிருக்கிறான் என்று பொருளாம். அடித்துவிட்டேன். இரண்டு நாளாக அவன் வீட்டில் உண்ணவுமில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை" என்று விம்மினார்.

என் உள்ளம் கூசியது. ஏனெனில், அதற்கு முந்திய வாரம் பெற்றோர் கூட்டமொன்றில், "ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லா மாணவரையும் சோதித்துவிட்டால் தொல்லை தீரும்" என்று முழங்கியவன் நானே.

விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. பையனுக்குக் கடும் இருமல். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தில் கோடீன் இருந்தது. கோடீனும் அபினி இனத்ததே. நோய்க்கு அருந்தியதா, போதைக்கு அருந்தியதா என்று பட்டைக்குத் தெரியாது. கசகசாவை மிகுதியாக உண்டவரின் சிறுநீரும் சில வேளை அவ்வாறே காட்டும். ஆய்வுக்கூடத்தில் நுட்பக் கருவியால் மறுசோதனை செய்து, மருத்துவர் ஆராய்ந்த பின்னரே எதையும் உறுதியாகச் சொல்ல இயலும்.

மறுபுறமும் பாருங்கள். பசையையோ, எழுத்தை அழிக்கும் வெள்ளைத் திரவத்தையோ முகரும் சிறுவனை இத்தகைய பட்டை காட்டிக் கொடுப்பதில்லை. அவ்வகைப் பழக்கத்தால் உதவி தேவைப்படும் சிறுவர்கள் நாட்டில் 4.6 இலட்சம் பேர் என்று 2019இல் வெளியான நடுவண் அரசின் ஆய்வு மதிப்பிட்டது. குற்றமற்றவன் அடிபடுகிறான், உதவி வேண்டுபவனோ தப்பிவிடுகிறான்!

அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு வீரரைச் சோதிக்க 1995இலும், பிற போட்டிக் குழுக்களில் சேரும் மாணவரைச் சோதிக்க 2002இலும் உச்ச நீதிமன்றம் இசைவளித்தது. ஆயினும், பயன் போதிய அளவு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, பள்ளிகளில் இச்சோதனை பரவுவதை அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் எதிர்த்தது.

அப்படியாயின் வாளாவிருப்பதா? அன்று! பிள்ளை பழைய தோழரை விலக்குகிறானா, வீட்டில் பணம் குறைகிறதா, உறக்கமும் படிப்பும் திடீரெனக் கெடுகின்றனவா என்று நோக்குங்கள். ஐயம் எழுந்தால் முதலில் அவனோடு பேசுங்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற இலவசத் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். சட்டத்திற்கு அஞ்சி நோயை மறைக்க வேண்டாம். பழக்கத்திற்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால், சிறு அளவுக் குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இடந்தருகிறது. சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கோ 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. நம் சினம் பாயவேண்டிய இடம் அதுவே.

அத்தந்தை அன்றிரவே மகனிடம் மன்னிப்புக் கேட்டார். அது எளிதில் கிட்டவில்லை. ஒரு மாதம் சென்றே அவன் அவரோடு உணவருந்த அமர்ந்தான். நானும் அடுத்த கூட்டத்தில் எழுந்து, என் சொல்லைத் திரும்பப் பெற்றேன்.

ஊதாரி மைந்தனைத் தொலைவிலேயே அடையாளம் கண்டார் தந்தை. அவர் கண் எந்நாளும் வழிமேல் இருந்தது. நம் கண் இன்று எங்கே இருக்கிறது?